ரயில் ஓட்டுவது உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே, உடம்புக்கு என்ன கேடு?

தஞ்சாவூர்–சென்னை உழவன் எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். மாயவரம் தாண்டி நாம் குறட்டை விடும்போது, லோகோ பைலட் ஒவ்வொரு சிக்னலையும் உதவியாளரோடு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடம் எந்தக் கருவியையும் தொடாவிட்டால் எச்சரிக்கை வரும். அதையும் கவனிக்காவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பின்னிரவு 2 முதல் 5 வரை தூக்கம் ஆளை இழுக்கும் நேரம். டூட்டியும் நாளுக்கொரு நேரம் என்பதால் உடம்பு எதற்கும் பழகாது. தூக்கக்கேடு, ரத்த அழுத்தம், சர்க்கரை, அசிடிட்டி எல்லாம் இந்த வழியாகத்தான் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

என்னைக் கேட்டால், பெரிய கொடுமை கழிப்பறை. பல இன்ஜின்களில் இன்னும் அது கிடையாது. அதற்குப் பயந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நம்ம டெல்டாவின் சித்திரை வெயிலில்! சிறுநீர்த் தொற்றும் கல்லும் வராமல் என்ன செய்யும்? பெண் பைலட்டுகளின் பாடு இன்னும் மோசம்.

வயல்களுக்கு நடுவே ஒவ்வொரு லெவல் கிராசிங் கேட்டுக்கும் ஹார்ன், இன்ஜின் இரைச்சல், காதுக்குக் கேடு. தண்டவாளத்தில் யாராவது வந்து விழுந்தால் அந்த அதிர்ச்சி தனி.

பார்வை விதித்த அளவுக்கு இல்லை என்றால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை 45 வயதுவரை 4 ஆண்டுக்கொருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கொருமுறை, பிறகு வருடாவருடம்.