மணலில் பழகிய கால் ஓடுதளத்தில் ஏன் வலிக்கிறது?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, 100, 200 மீட்டர் ஓடுகிறாள். தினமும் கடற்கரை மணலில்தான் பயிற்சி. அங்கே சீக்கிரம் களைத்துவிடுகிறாள், ஆனால் வலி இல்லை. போட்டிக்காகச் செயற்கை ஓடுதளத்தில் ஓடிவிட்டு வந்தால் இரண்டு நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. எந்தத் தளம் நல்லது?

பதில்: முதலில் களைப்பைப் பார்ப்போம். கெட்டியான தரையில் பாதம் ஊன்றும்போது குதிகால் நாண் ரப்பர் பட்டைபோல் இழுபட்டு, அந்த விசையின் ஒரு பகுதியைச் சேமித்து, பாதம் எழும்பும்போது திருப்பித் தருகிறது. உலர்ந்த மணலிலோ பாதம் புதைகிறது, உந்தும்போது மணல் பின்னால் சரிகிறது. இதில் வீணாகும் ஆற்றலைத் தொடையும் இடுப்பும் கூடுதலாக உழைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மணலில் ஓடக் கெட்டித் தரையைப்போல் சுமார் 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். எனவே மகளுக்கு மூச்சிரைப்பதைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

வலிக்குக் காரணம் வேறு. முழு வேகத்தில் பாதம் தரையில் இருப்பது நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் உடல் எடையைப்போல் சில மடங்கு விசையைக் கெண்டைத்தசை இழுபட்டபடியே தாங்க வேண்டும். மணல் அந்த அதிர்வை விழுங்கிவிடுவதால் மகளின் தசைக்கு இந்த வேலை பழகவில்லை. போதாக்குறைக்கு, அடியில் முட்கள் பதித்த, குதிகால் தாழ்ந்த ஸ்பைக்ஸ் காலணி வேறு. பழகாத சுமையால் வரும் இவ்வகை வலி மறுநாள் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

மணல் பயிற்சி வலிமைக்கு நல்லது, ஆனால் வேகத்தைப் போட்டி நடக்கும் தளத்தில்தான் பழக வேண்டும் என்பது என் கருத்து. போட்டிக்கு நான்கைந்து வாரம் முன்பே வாரம் இரு நாள் ஓடுதளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரணக் காலணியோடு சில 30 மீட்டர் ஓட்டங்களில் தொடங்கி, தூரத்தையும் ஸ்பைக்ஸையும் மெல்லக் கூட்டலாம். கடற்கரையில் பலரும் கவனிக்காதது சரிவு: அலையோரமாக ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றி, முழங்காலும் இடுப்பும் நோகும். போன தூரம் திரும்பியும் ஓடட்டும்.

ஆனால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல் போனாலோ, இரவில் வலித்தாலோ ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எலும்பு வலுவிழப்பதற்கு அவையும் காரணமாகலாம். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்பதால், படம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மறுபடி ஓட விட்டுவிடாதீர்கள்.