கடன் வாங்கி இன்ஜினீயரிங்கா, கையில் தொழிலா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெசவு செய்கிறேன். சேமிப்பு 3 லட்ச ரூபாய். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகன், ஐ.டி.ஐ. படித்து வெல்டிங் வேலைக்குப் போகிறேன் என்கிறான். "வெல்டருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்கிறார் மைத்துனர். 8 லட்சம் கல்விக்கடன் வாங்கி இன்ஜினீயரிங் சேர்த்துவிடவா?

பதில்: வேண்டாம் ஐயா. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 2 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஓராண்டு ஆகும்போது தனிவட்டியே சுமார் 2.8 லட்சம் ஏறியிருக்கும். 10.8 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 14,300 ரூபாய். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக அடமானமும் கேட்கும். மனமில்லாமல் படித்து அரியர் வைக்கப்போகும் பையனுக்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வெல்டர் பிரிவு ஓராண்டு; இயந்திர பாகங்களைப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவு இரண்டாண்டு. நான் ஃபிட்டரைத்தான் சொல்வேன். அதிலும் வெல்டிங் கற்கலாம்; பிறகு ஆசை வந்தால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். பட்டம் எங்கும் ஓடிவிடாது.

ராணிப்பேட்டையில் மத்திய அரசின் பெல் (BHEL) ஆலை இருக்கிறது, பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பேட்டை. பாய்லர் குழாயில் வேலை செய்ய வெல்டருக்குத் தனித் தேர்வு உண்டு. அவர் பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகள் வரிசையாகத் தெரிந்தாலும் தள்ளிவிடுவார்கள். அதில் தேறியவரை எந்த இன்ஜினீயரும் மரியாதையாகத்தான் நடத்துவார். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

கஷ்டமும் இருக்கிறது. கண், நுரையீரல், முதுகு மூன்றும் அடிவாங்கும். சின்னப் பட்டறைகளில் பி.எஃப். இருக்காது. அதனால் சேமிப்பில் 1 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா திட்டத்தில், மகனுக்கு 18 வயது ஆனதும் சேர்த்துவிடுங்கள்.

ஐ.டி.ஐ.யில் சேர்க்கும் முன், தெரிந்த பட்டறை ஒன்றில் அவனை ஒரு வாரம் உதவிக்கு நிற்க வையுங்கள். அந்தச் சூட்டையும் புகையையும் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்றால், சேர்த்துவிடுங்கள்.