மாமியாரை மன்றத்தில் சேர்க்கலாம்

கேள்வி: ஆண்டு முடிந்தால் போதும், ரயில் கட்டணம் ஏறிவிடுகிறது. ஆனால் ரயிலை நம்பிக் கிளம்ப முடியவில்லை. போன மாதம் வழியில் ரயில் நின்று, வேலை முடிந்து வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் தாமதம். காரணத்தைச் சொன்னால் மாமியார் நம்பவில்லை. சேவை மோசமானால் கட்டணத்தைக் குறைப்பதுதானே நியாயம்?
- ஒரு வாசகி, செங்காங்

பதில்: கட்டணத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாமியார்.

அவர் நம்பாததில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தச் சிங்கப்பூர்த் தீவில் நடக்கிற தாமதங்களில் பாதியை ரயில் தலையில்தான் கட்டுகிறோம். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதா, ரயில். தாலி கட்டி முடித்து, பந்தியும் பாதி ஆன பிறகு மண்டபத்துக்குள் நுழைகிறோமா, அதற்கும் ரயில். உண்மையாகவே ரயில் நின்ற அன்று சொன்னால் எவர் நம்புவார்?

அதனால்தான் பழுது என்று அறிவிப்பு வந்ததும் நடைமேடையில் இருக்கிற அத்தனை பேரும் கைப்பேசியைத் தூக்கி அறிவிப்புப் பலகையைப் படம் பிடிக்கிறார்கள். மேலதிகாரிக்கு அனுப்பத்தான். ஒருவரைப் பார்த்தேன், பலகையோடு தன் முகமும் விழும்படி நின்று, அந்த முகத்தையும் நன்றாகச் சோகமாக்கிக்கொண்டு எடுத்தார். கையில் தொங்கிய கோப்பிப் பையை அதற்கு முன் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். கோப்பி வாங்க நேரம் இருந்திருக்கிறதே என்று மேலதிகாரி கேட்டுவிடக் கூடாதல்லவா! ரயில் நிறுவனங்களே தாமதச் சீட்டும் தருகின்றன. முதலாளிமார் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். மாமியார் ஒருவர் ஏற்றுக்கொண்டதாக இதுவரை செய்தி இல்லை.

ஆனால் ஒன்று. தாமதத்தை அளக்க உங்கள் மாமியாரைவிடச் சரியான ஆள் கிடையாது. நிலப் போக்குவரத்து ஆணையம் எப்படி அளக்கிறது? ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அது ஒரு பழுது. ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் ரயில்கள் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடின என்பதுதான் மதிப்பெண். இலக்கு 1 மில்லியன் கிலோமீட்டர். 2015-ல் இது 133,000 தான். 2019-ல் மில்லியனைத் தொட்டுவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேலை. ஆனால் இந்தக் கணக்கில் ஆறு நிமிடத் தாமதமும் ஒன்று, ஆறு நாள் முடக்கமும் ஒன்று.

ஆறு நாள் என்பது சும்மா எதுகைக்குச் சொன்னதில்லை. 2024 செப்டம்பர் 25 காலை, கிழக்கு-மேற்குத் தடத்தில் கோளாறு கண்டு பணிமனைக்குத் திருப்பிய ஒரு பழைய ரயிலின் சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. சக்கரம் தடம் இறங்கி, ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தைச் சிதைத்துக்கொண்டே போனது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் கிடையாது. மறுநாள் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டு எழுத்துத் தேர்வு வேறு. உங்கள் செங்காங்கும் தப்பவில்லை: 2025 ஆகஸ்ட் 12 காலை மின்கோளாறில் எம்ஆர்டி எனும் பெருவிரைவு ரயிலின் வடகிழக்குத் தடமும், எல்ஆர்டி எனும் இலகு ரயிலும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. எம்ஆர்டி போனால் எல்ஆர்டி, எல்ஆர்டி போனால் எம்ஆர்டி என்று இருந்தவர்களுக்கு அன்று இரண்டும் இல்லை.

மாமியார் கணக்கில் கிலோமீட்டரே வராது. எட்டு மணிக்கு வர வேண்டியவள் ஒன்பதரைக்கு வந்தாள். பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுது தூங்கிவிட்டது. ரசம் இரண்டாவது முறையாக அடுப்பேறிவிட்டது. ரயில் எவ்வளவு தூரம் ஓடியது என்பது அவருக்கு எதற்கு? ஆள் எத்தனை மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றினாள் என்பதைப் பார்க்கிறார். இந்தக் கண் உள்ள ஒருவரைப் கட்டணத்தை முடிவுசெய்யும் பொதுப் போக்குவரத்து மன்றத்தில் உட்கார வைத்தால் என்ன என்று நான் உண்மையாகவே யோசிக்கிறேன். ஏற்கெனவே ஒருவர் அங்கே இருக்கிறாரோ என்ற சந்தேகமும் உண்டு. வார நாள்களில் காலை 7.45-க்கு முன் அட்டையைத் தட்டி ரயிலேறினால் 50 காசு வரை தள்ளுபடி என்று ஒரு திட்டம் இருக்கிறதே, "சீக்கிரம் எழுந்தால் நல்லது நடக்கும்" என்பதைக் காசாகவே கையில் கொடுக்கும் யோசனை வேறு யாருக்கு வரும்?

சரி, கட்டணம்.

2023-ல் 7 விழுக்காடு, 2024-ல் 6, 2025-ல் 5. இந்த இறங்குவரிசை இப்படியே போனால் 2030-ல் பூஜ்யம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஏற்ற வேண்டிய தொகையில் ஒரு பகுதியைத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏற்றுகிறார்கள். மீதி, மளிகைக்கடைப் பற்று நோட்டில் நிற்பது போல அடுத்த ஆண்டுக்குப் போகிறது. 2024-ல் 6 விழுக்காடு ஏற்றியபோது 12.9 விழுக்காடு நிலுவையில் நின்றது. இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: விலைவாசி, சம்பளம், எரிசக்தி விலை, ரயில் பேருந்துகளின் கொள்ளளவு எல்லாம் உள்ளே. உற்பத்தித்திறனுக்குக் கொஞ்சம் கழிக்கிறார்கள். ரயில் நின்றதற்கு அதில் இடமில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: சேவை கெட்டாலும் கட்டணம் குறையாது, ஏனென்றால் சூத்திரத்துக்கு அது தெரியவே தெரியாது.

அரசாங்கம் ஆண்டுக்கு 2 பில்லியன் வெள்ளிக்கு மேல் பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்கிறது, நாம் தட்டுகிற காசு முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அடுத்த இதழுக்கு ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்புவார். யார் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

தண்டனை தனிக் கணக்கு. அந்த ஆறு நாளுக்கு ரயில் நிறுவனத்துக்கு முதலில் 3 மில்லியன் வெள்ளி அபராதம் என்றார்கள், பிறகு 2.4 மில்லியனாகக் குறைத்தார்கள். (கட்டணத்தை இப்படி மேல்முறையீட்டில் குறைத்துக்கொள்ள நமக்கு வழி இருந்தால் யாராவது எழுதுங்கள்.) அந்தப் பணம் குறைந்த வருமானக் குடும்பங்களின் பயணச் செலவுக்கு உதவும் நிதிக்குப் போகிறது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு நாளில் கிளமெண்டி நிலையத்தில் இணைப்புப் பேருந்துக்கு வரிசையில் நின்றவருக்கு என்ன கிடைத்தது? லண்டனில் நிர்வாகத்தின் தவறால் சுரங்க ரயில் 15 நிமிடம் தாமதமானால் அந்தப் பயணத்தின் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நம் ஊரில் எவர் எங்கே தட்டி ஏறினார், எப்போது தட்டி இறங்கினார் என்பது நொடிக்கணக்கில் பதிவாகிறது. கேட்கக்கூட வேண்டாம், தானாகவே அட்டையில் போட்டுவிடலாம். எல்லோருக்கும் கட்டணம் குறைப்பதைவிட, நின்றவருக்கு நின்ற அன்றே திருப்பிக் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செய்ய மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2024 ஜனவரியில் பழைய ஈசி-லிங்க் பயண அட்டை செல்லாது என்று அறிவித்து, மக்கள் முணுமுணுத்த இரண்டே வாரத்தில் 40 மில்லியன் வெள்ளி கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டு முடிவை மாற்றிக்கொண்டவர்கள்தானே!

தாமதம் என்று பேச்செடுத்தாயிற்று, ஒரு பழைய வழக்கையும் பைசல் செய்துவிடுகிறேன். நம் தமிழ் நிகழ்ச்சிகள் நேரத்துக்குத் தொடங்குவதில்லை என்று நான் எழுதப்போக, ஓர் அமைப்பின் செயலாளர் கொதித்துப்போய், "மக்கள் எம்ஆர்டியில் வருகிறார்கள், நாங்கள் என்ன செய்வது" என்று பதில் எழுதியிருந்தார். ஐயா, இங்கே எம்ஆர்டி ஓடத் தொடங்கியது 1987 நவம்பர் 7-ல், இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு. அதற்கு முன் தேக்கா பக்கம் நடந்த கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்கின என்று சத்தியம் செய்ய ஒருவரைக் கூட்டி வாருங்கள், நான் இந்தப் பகுதியையே நிறுத்திவிடுகிறேன்.

அழைப்பிதழில் "மாலை மிகச் சரியாக 6 மணி". ஆறரைக்கு நாற்காலி போடுகிறார்கள். ஆறே முக்காலுக்குக் குத்துவிளக்கு வந்துவிடும், திரி வராது. ஏழுக்குச் சிறப்பு விருந்தினர். பிறகு ஆறு வாழ்த்துரை, அந்த ஆறு பேருக்கும் பொன்னாடை, போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா. மாதம் முழுக்க இதே கதை. ஆணையத்தின் ஐந்து நிமிட அளவுகோலை இங்கே வைத்து, இரண்டு தாமதங்களுக்கு நடுவே எத்தனை நிகழ்ச்சி ஒழுங்காக நடந்தது என்று கணக்குப் போட்டால் விடை பின்னத்தில்தான் வரும். ரயிலாவது ஒலிபெருக்கியில் வருந்துகிறோம் என்கிறது. நம் மேடையில் ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களைப் பார்த்து, "தாமதமாக வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்" என்கிறார்கள்.

அந்தச் செயலாளர் இப்போது ரயில் தாமதத்தைக் கண்டித்து எங்களுக்கு நாற்பது வரிக் கவிதை ஒன்று அனுப்பியிருக்கிறார். மின்னஞ்சலில்தான் வந்தது, ஆனாலும் கடைசித் தேதி போய் ஒரு வாரம் கழித்து. பிரசுரிப்பதாக இல்லை.