ஹீரோவுக்குக் காது கேட்கிறதே, எப்படி?

கேள்வி: ஹீரோ துப்பாக்கியின் மேகசினை (குண்டு அடைக்கும் கூடு) மாற்றாமலே நாற்பது பேரைச் சுடுகிறார். தியேட்டரில் நான் குண்டுகளை எண்ணினால் நண்பர்கள், "சத்தம் போடாம படம் பாருலே" என்று அதட்டுகிறார்கள். லாஜிக் பார்ப்பது தப்பா?
– வாசகர், குலசேகரம்

பதில்: தப்பே இல்லை, தாராளமாக எண்ணுங்கள். ஏகே-47 மேகசினில் வழக்கமாக 30 குண்டு. விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே விநாடியில் காலி.

ஆனால் எண்ணிக்கையை நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது, உங்கள் நண்பர்கள் சொன்னார்களே, அந்தச் சத்தம். கைத்துப்பாக்கி வெடித்தால் சுடுகிறவர் காதருகே 150, 160 டெசிபல். மண்டைக்காடு அம்மன் கோயிலில் வெடிவழிபாட்டின்போது பக்கத்தில் நின்றவர்களைக் கேளுங்கள். ஒரு வெடிக்கே காதுக்குள் 'கொய்ங்' என்கும். எதிரே நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும். நம் ஹீரோ கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்தே இருபது குண்டு சுடுகிறார். உடனே போன். அம்மா. "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." எப்படிக் கேட்டது? பின்னால் ஒருவன் பூனை நடை நடந்து வருகிறான், அதுவும் கேட்கிறது! சைலன்சர் மாட்டினாலும் இருபது, முப்பது டெசிபல்தான் குறையும். சினிமாவிலோ 'புஸ்' என்கிறது. அடுத்த அறையில் தூங்குபவர் புரண்டுகூடப் படுப்பதில்லை.

ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் மான் 1995இல் 'ஹீட்' எடுத்தபோது, தெருச் சண்டையின் வெடிச்சத்தத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்து அதையே படத்திலும் வைத்தார். கட்டடங்களில் மோதித் திரும்பும் அந்த ஓசைக்குப் பின்னணி இசையே தேவைப்படவில்லை. நம்மவர்களுக்கு இதில் என்ன தடை?

"படத்துக்கு எதுக்குவே பிசிக்ஸ்?" என்று தக்கலை வாசகர் ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும். 8 கிராம் குண்டு விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து தைத்தாலும், 70 கிலோ ஆளை விநாடிக்கு நாலு சென்டிமீட்டர் வேகத்தில்தான் தள்ளும். அடிபட்டவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்தால், சுட்டவரும் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும்.

துப்பாக்கி நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய்தான், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியாகி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பித்தார். அதைவிடக் கிட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேரக் கேட்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1இல் சேர்ந்துவிட்டோம். சுடப்பட்டுச் செத்தவர்களுக்கு இன்றும் ஆகஸ்ட் 11இல் மாலை போடுகிறோம். படத்தில் செத்த அந்த நாற்பது பேரில் ஒருவன் வீட்டு வாசலுக்காவது கேமரா போனதுண்டா? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அடுத்த படத்தில் அதையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கை அனுப்பினால் படத்தின் பெயரோடு போடுகிறேன்.