அந்த மண்ணை விலைக்குக் கேட்காதீர்கள்: பரியாங்கன் கிராமம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில், மராபி எரிமலையின் தென்சரிவில் இருக்கும் பரியாங்கன் கிராமத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். மினாங்கபாவ் மக்கள் தங்கள் ஆதி ஊர் என்று கொண்டாடும் இடம் அது. அமெரிக்கப் பயண இதழ் ஒன்று 2012இல் உலகின் அழகான கிராமங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. ஆனாலும் பாலிக்குப் போகிற நம் ஆட்களில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலம் பற்றித்தான் கேட்டிருக்கின்றன, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோவை வாசகர்: ஓய்வுக்குப் பிறகு அமைதியாக வாழ இப்படி ஒரு ஊரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பரியாங்கனில் பத்து சென்ட் நிலம் வாங்கி ஒரு சின்ன வீடு கட்ட முடியுமா? உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

முடியாது. சட்டமும் இடம் கொடுக்காது, ஊரும் கொடுக்காது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அதற்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இந்தோனேசியாவின் நில அடிப்படைச் சட்டம் 1960இல் வந்தது. முழு உரிமை, அதாவது ஹாக் மிலிக், அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அங்கே முறையான குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவர் ஹாக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமையைப் பெறலாம். முதலில் 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்பது 2021இல் வந்த விதிமுறை. இல்லையென்றால் குத்தகை. பாலியில் வில்லா வைத்திருக்கும் வெளிநாட்டவரில் பலர் நீண்டகாலக் குத்தகையில்தான் இருக்கிறார்கள்.

நண்பர் பெயரில் வாங்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு நிலம் போய்ச்சேரும்படி செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்கிறது. நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் இறந்த மறுநாள் அவருடைய வாரிசுகளோடுதான் நீங்கள் பேச வேண்டியிருக்கும், அப்போது உங்கள் கையில் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய காகிதம் ஒன்றுகூட இருக்காது.

சரி, சட்டம் இது. ஊருக்கு வருவோம். பரியாங்கனில் வயலும் வீட்டுமனையும் பெரும்பாலும் பூசாக்கா திங்கி, பரம்பரைச் சொத்து. அது தனி ஆள் எவருக்கும் சொந்தமில்லை, ஒரே தாய்வழியில் வந்த குடும்பக் கூட்டத்துக்கு, அவர்கள் சொல்வதில் காவுமுக்கு, சொந்தம். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அதில் கை வைக்க வேண்டுமென்றால் காவுமில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒப்ப வேண்டும், தலைவரான டத்தூக் ஒப்ப வேண்டும். மாநிலத் தலைநகர் பாடாங்கில் வேலை பார்க்கும் அக்காள் மகன், ஜகார்த்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாமா, மலேசியாவில் இருக்கும் சித்தி என்று ஒருவர் மறுத்தாலும் பேச்சு நின்றுவிடும். வெளிநாட்டவரை விடுங்கள், பக்கத்து ஊர் மினாங்கபாவ்காரருக்கே அங்கே விலைக்கு மண் கிடைப்பது கடினம். அந்த ஊர் இன்னும் ஊராக இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வயல் நடுவே வில்லா முளைக்காமல் அந்தச் சரிவு இன்றும் நெல் விளையும் படிக்கட்டாக இருக்கிறது என்றால், விற்க உரிமையுள்ள தனி ஆள் அங்கே இல்லை என்பதால்தான். தங்க ஆசையென்றால் ஒரு மாதம் வாடகைக்கு அறை கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

காத்தான்குடி வாசகி: எங்கள் பக்கமும் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அங்கேயும் முஸ்லிம்கள், தாய்வழிச் சொத்து என்கிறீர்கள். மார்க்கச் சட்டத்தோடு அது மோதவில்லையா?

நல்ல கேள்வி, அந்த மக்களே இருநூறு வருடமாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாத்ரி போர் என்று ஒன்று நடந்தது. மக்காவிலிருந்து சீர்திருத்த எண்ணத்தோடு திரும்பியவர்களுக்கும் ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கும் தொடங்கிய சண்டை, பிறகு டச்சுக்காரர்கள் புகுந்து 1830களின் இறுதியில் முடிந்தது. அந்தக் காயத்திலிருந்து பிறந்த சமரசம் இன்றும் நிற்கிறது: வழக்கம் மார்க்கத்தின் மேல் நிற்கிறது, மார்க்கம் குர்ஆனின் மேல் நிற்கிறது என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள்.

நடைமுறையில் சொத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மூதாதையர் விட்டுச் சென்றது தாய்வழியில் போகும். ஒருவர் தன் உழைப்பில் சம்பாதித்தது இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் போகும். 1952இல் ஊர்த்தலைவர்களும் உலமாக்கள் எனும் மார்க்க அறிஞர்களும் புக்கிட்டிங்கியில் கூடி இதை ஒப்புக்கொண்டார்கள். பரம்பரைச் சொத்து தனி மனிதருடையதே அல்ல, குடும்பத்திடம் காக்கும்படி ஒப்படைக்கப்பட்ட அமானிதம், எனவே அதைப் பங்கு போடும் கேள்வியே எழாது என்பது அவர்கள் வாதம். எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மக்காவில் இருந்த மினாங்கபாவ் அறிஞர் அஹ்மத் கத்தீப் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

பெண்ணுக்குச் சொத்து என்றால் ஆண் வெறுங்கையோடு நிற்கிறான் என்று எண்ண வேண்டாம். நிலம் பெண்கள் கையில், அதை நிர்வகிக்கும் பேச்சு தாய்மாமன் கையில். அக்காள் தங்கை பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், தகராறு எல்லாவற்றுக்கும் மாமன் பொறுப்பு. ஆனால் மனைவி வீட்டில் அதே ஆள் விருந்தாளி. எரிந்த அடிமரத்தின் மேல் இருக்கும் சாம்பல் என்று கணவனைப் பற்றி ஒரு பழமொழி சொல்வார்கள், ஒரு காற்று அடித்தால் பறந்துவிடும். முன்பெல்லாம் பகலில் தாய் வீட்டு வயலில் வேலை, இரவில் மனைவி வீட்டுக்கு வருவது என்று இருந்தது. இப்போது கணவன், மனைவி, பிள்ளைகள் தனி வீட்டில்தான் வாழ்கிறார்கள். ஆனால் கணவன் காசு போட்டு எழுப்பிய அந்த வீடும் பெரும்பாலும் மனைவியின் குடும்ப நிலத்தில்தான் நிற்கும். இளைஞர்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போவது அங்கே பெரிய மரபாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். இந்தோனேசியா முழுக்க இருக்கும் பாடாங் சாப்பாட்டுக் கடைகள் இந்த மரபின் பிள்ளைகள்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி இருந்ததும், 1926இல் சட்டம் போட்டு அது மாற்றப்பட்டதும் நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மினாங்கபாவ் மக்கள் மாற்றவில்லை, சொத்தை இரண்டு வகையாக்கி இரண்டையும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

சேலம் வாசகர்: விற்கவே முடியாது என்றால் அவசரத்துக்கு என்ன செய்வார்கள்?

அடகு வைப்பார்கள், அதற்கும் நான்கு காரணங்களைத்தான் வழக்கம் ஏற்கிறது. வீட்டில் இறந்தவரின் உடல் கிடக்கிறது, அடக்கம் செய்யப் பணமில்லை. வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வழியில்லை. குடும்பத்தின் பரம்பரைப் பெரிய வீட்டின் கூரை ஒழுகுகிறது. குடும்பத்தில் டத்தூக் பட்டம் ஏற்க ஆள் இல்லாமல் தாழ்ந்து கிடக்கிறது, அதை மீண்டும் தூக்கி நிறுத்த வேண்டும். கடன், வியாபாரம், வண்டி வாங்குவது இதில் இல்லை. (பிள்ளைகளின் மேல்படிப்பை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன, அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

பணம் கொடுத்தவர் அந்த வயலை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார், பணம் திரும்பும் வரை. சில வயல்கள் தலைமுறை தாண்டியும் மீட்கப்படாமல் கிடக்கும். ஏழு வருடம் அடகில் இருந்த வயலைப் பணமே வாங்காமல் திருப்பித் தர வேண்டும் என்று 1960லேயே அரசு சட்டம் போட்டது. ஆனால் கொடுத்த பணத்தைத் தராமல் வயலைக் கேட்பதை வெட்கமாக நினைக்கும் ஊர்களில் அந்தச் சட்டம் காகிதத்தோடு நின்றுவிட்டது.

விழுப்புரம் வாசகர்: அங்கே பெண் வீட்டார்தான் மாப்பிள்ளைக்குப் பணம் கொடுப்பார்களாமே?

அது கடலோரத்துப் பாரியாமன் பகுதி வழக்கம், மலைப்பக்கத்துப் பரியாங்கனுடையது அல்ல. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

திருச்சி வாசகி: எப்படிப் போவது? எரிமலை அடிவாரம் என்கிறீர்கள், குழந்தைகளோடு போகலாமா?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர், அங்கிருந்து பாடாங். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும்: 5 லட்சம் ரூப்பியா, 30 நாள், ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். புறப்படும் முன்பே இணையத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. பாடாங்கிலிருந்து பாடாங் பஞ்சாங் வழியாகப் பாத்துசங்கர் போகும் பாதையில் பரியாங்கன் வரும். ‘டிராவல்’ என்று அவர்கள் சொல்லும் பகிர்வு வேன் இருக்கிறது, குழந்தைகளோடு போனால் முழு வண்டி பேசிக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

எரிமலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2891 மீட்டர் உயர மராபி (ஜாவாவில் இருக்கும் மெராபி வேறு) 2023 டிசம்பர் 3 அன்று வெடித்ததில் மலையேறப் போன 24 பேர் இறந்தார்கள். அடுத்த மே மாதம் 11ஆம் தேதி இரவு, சரிவில் தேங்கிய சாம்பலையும் பாறையையும் மழை அடித்துக்கொண்டு வந்து, தானா டாதார், ஆகாம் மாவட்டங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, பாடாங்கிலிருந்து பாடாங் பஞ்சாங் போகும் வழியிலுள்ள லெம்பா ஆனாய் பள்ளத்தாக்குச் சாலையும் அறுந்துபோனது. 2025 நவம்பர் இறுதியில் சுமத்ராவைப் புரட்டிய வெள்ளத்திலும் மேற்குச் சுமத்ரா தப்பவில்லை. அதனால் போகலாம், ஆனால் மலையேறும் எண்ணம் வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கனமழைக் காலம், அதைத் தவிருங்கள். ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற அரசுச் செயலியில் எரிமலையின் நிலை தினமும் வரும். லெம்பா ஆனாய் மூடியிருந்தால் சொலோக் வழியாகச் சுற்றிப் போகலாம், நேரம் கூடும், சிங்காராக் ஏரிக்கரை வழியே போவதால் அலுக்காது.

அறுவடை முடிந்த சமயமென்றால் பாச்சு ஜாவி எங்கே என்று விசாரியுங்கள். சேற்று வயலில் இரண்டு மாடுகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பறக்கிற ஓட்டம். பரியாங்கன் உட்பட நான்கு வட்டாரங்களில் முறை மாற்றி நடக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் ஓடும், பரிசு இல்லை, நேராக ஓடுகிற மாட்டுக்கு விலை ஏறும். முன்வரிசையில் நின்றால் சேறு நிச்சயம், கேமராவுக்கு உறை வேண்டும்.

ஈரோடு வாசகி: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, அலுப்பு உண்டு. பாடாங் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே பத்துப் பதினைந்து தட்டுகளை மேசையில் அடுக்குவார்கள், தொட்டதற்கு மட்டும்தான் காசு. மரவள்ளி இலை, பலாக்காய்க் குழம்பு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே, பச்சைமிளகாய்ச் சம்பல் இருக்கும். ஆனால் பலாக்காய்க் குழம்பில் பல கடைகளில் இறைச்சிச் சாறு சேர்ப்பார்கள், சம்பலில் நெத்திலி இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டம்மா தனியாகச் செய்து தருவார். காவா டாவுன் குடிக்காமல் வராதீர்கள்: புகையில் வாட்டிய காப்பி இலையின் வடிநீர், தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். டச்சுக்காரர்கள் 1847இல் தொடங்கிய கட்டாயச் சாகுபடியில் காப்பிக்கொட்டை கிடங்குக்குப் போனது, பயிரிட்டவர்களுக்கு இலைதான் மிஞ்சியது என்று சொல்வார்கள்.

சென்னை வாசகர்: நானும் தோழியும் ஒரு பெரிய வீட்டில் தங்க விரும்புகிறோம். கட்டுப்பாடுகள் உண்டா?

மணமாகாதவர்கள் என்றால் தனித்தனி அறை கேளுங்கள், ஒரே அறை தரமாட்டார்கள், வற்புறுத்துவது அவர்களைச் சங்கடப்படுத்தும். முழங்காலும் தோளும் மூடிய உடை. மது வேண்டாம். இஷ்லா பள்ளிவாசலை ஒட்டி ஊர்ப் பொதுக் குளியலிடம் இருக்கிறது, எரிமலையின் வெந்நீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. அங்கே கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. ருமா காடாங் என்ற அந்தப் பெரிய வீடுகளில், பின்புற அறைகள் மணமான பெண்களுடையவை, முன்கூடம் எல்லோருக்கும். வாடகைப் பணத்தில்தான் பல குடும்பங்கள் கூரையைப் பழுது பார்க்கின்றன, அதனால் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: தமிழர் தடயம் ஏதாவது உண்டா?

பரியாங்கனில் தேடாதீர்கள், பாடாங் நகரத்தில் பாருங்கள். அங்கே பாசா காடாங் பகுதியில் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டிய முஹம்மதன் பள்ளிவாசல் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக அவர்களின் வழித்தோன்றல்கள் கூடி, வண்ணத் துணியில் கட்டிய சர்க்கரைப் பொட்டலங்களைப் பள்ளிவாசல் மேலிருந்து வீசுவார்கள், சாதி மதம் பார்க்காமல் தெருவே திரண்டு பிடிக்கும். செராக் குலோ என்று பெயர். இஸ்லாமிய நாட்காட்டியின் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையில் வரும், நாகூர் கந்தூரியும் அதே மாதம்தான். ஹிஜ்ரி கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் பதினோரு நாள் போல முன்னால் நகரும், உங்கள் ஊர் தர்காவில் கேட்டாலே நாள் தெரிந்துவிடும், அதை வைத்து விமானச் சீட்டு எடுங்கள்.