மேத்.எச் சேர்த்தும் வர்க்கமூலம் கிடைக்காதது ஏன்?

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், சுங்கை சிப்புட்): செம்பனைக் குலைகளின் அன்றாட எடைகளுக்குத் திட்ட விலக்கம் காணும் சிறு நிரலொன்றை, உபுண்டு கணினியில் சி மொழியில் எழுதினேன். கணித ஃபங்ஷன்களுக்கான ‘மேத்.எச்’ என்ற தலைப்புக் கோப்பையும் சேர்த்திருக்கிறேன். சோதனைக்காக 25இன் வர்க்கமூலத்தைக் கேட்டபோது நிரல் ஓடியது. எடைகளை விசைப்பலகையிலிருந்து வாங்கும்படி மாற்றியதும் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி’ (வர்க்கமூல ஃபங்ஷனின் பெயர்) என்று பிழை வருகிறது. கணினியில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

பதில்: கணினியில் ஒன்றும் விடுபடவில்லை, தாங்கள் தரும் கட்டளையில்தான் விடுபட்டிருக்கிறது. நிரலை ஆக்க ஜிசிசி என்று ஒரே கட்டளையைத் தட்டுவதால் நடப்பதும் ஒரே வேலை என்று தோன்றுகிறது. உண்மையில், தலைப்புக் கோப்புகளின் உரையை நிரலுக்குள் அப்படியே ஒட்டுவது பிரீபிராசசர், அதை அசெம்பிளி மொழிக்கு மாற்றுவது கம்பைலர், அதிலிருந்து ‘.ஓ’ என முடியும் ஆப்ஜெக்ட் கோப்பை ஆக்குவது அசெம்பிளர். அத்தகைய கோப்புகளையும், ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்புகளான லைப்ரரிகளையும் சேர்த்து இயங்கத்தக்க நிரலாக்குவது லிங்கர்.

‘மேத்.எச்’ கோப்பில் வர்க்கமூலம் காணும் நிரல்வரிகள் இல்லை. அப்படியொரு ஃபங்ஷன் உண்டு, அது ஒரு டபிள் (தசமப் புள்ளியுள்ள எண்களுக்கான வகை) எண்ணை வாங்கி இன்னொரு டபிள் எண்ணைத் தரும் என்ற அறிவிப்பு மட்டுமே அதில் இருக்கிறது. தாங்கள் அதை அழைத்திருக்கும் முறை சரிதானா என்று பார்க்கக் கம்பைலருக்கு அவ்வளவே போதும். எனவே அது அழைப்பின் முகவரியை வெற்றிடமாக விட்டு, ‘இப்பெயர் எங்கிருந்தோ வர வேண்டும்’ என்ற குறிப்போடு தன் பங்கை முடித்துக்கொள்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ என்ற கட்டளையை அதன் மீது ஓட்டினால் அப்பெயருக்கு முன்னால், ‘அன்டிஃபைண்ட்’ என்பதைக் குறிக்கும் ‘யு’ என்ற எழுத்து நிற்பதைக் காணலாம். லிங்கரின் வேலை, தோட்டத்துப் பெரட்டில் (தொழிலாளர் வருகைக் கணக்கெடுப்பில்) கிராணியார் (எழுத்தர்) பெயர் கூப்பிடுவதைப் போன்றது: கூப்பிட்ட பெயருக்கு ஆள் வராவிட்டால் தங்களுக்கு வந்த பிழை, ஒரே பெயருக்கு இருவர் வந்து நின்றால், ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்ற வேறொரு பிழை.

அப்படியானால் 25க்கு மட்டும் எப்படி விடை வந்தது? எண் நிரலிலேயே எழுதப்பட்டிருந்ததால், கம்பைலர் தானே 5 என்று கணக்கிட்டு விடையை எழுதிவிட்டது. லிங்கர் தேடுவதற்கு அழைப்பே மிஞ்சவில்லை. எடை விசைப்பலகையிலிருந்து வரும்போது அதை முன்கூட்டி அறிய வழியில்லை ஆதலால் உண்மையான அழைப்பு உருவாகிறது.

கணித லைப்ரரி வேண்டும் என்று ‘-எல்எம்’ மூலம் சொல்லுங்கள். அதையும் கட்டளையின் கடைசியில், நிரலின் கோப்புப் பெயருக்குப் பின்னால் எழுதுங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. லைப்ரரியை எட்டும்போது யாரும் எதையும் கேட்டிருக்காவிட்டால் அதைத் தேவையற்றதென்று கடந்துவிடும். பிறகு வரும் கோப்பு கேட்கும்போது திரும்பிப் பார்க்காது. இன்னொன்று: பிழைச் செய்தியின் இறுதியில் ‘எல்டி ரிட்டர்ன்ட் 1’ என்றிருந்தால் (எல்டி என்பது லிங்கரின் பெயர்) கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அதன்பின் அரைப்புள்ளிகளைத் தேடிக்கொண்டிருப்பது வீண். வகுப்புகளில் லூப்புகளுக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குபவர்கள் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி (கூட்டுறவுச் சங்கப் பணியாளர், சுங்கை சிப்புட்): என் மகள் சி++ மொழியில் மிங்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) கொண்டு ஆக்கிய நிரல் அவளுடைய விண்டோஸ் கணினியில் ஓடுகிறது. அலுவலகக் கணினியில் ‘லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல்’ இல்லை என்கிறது. ஏன்?

பதில்: லிங்கர் எல்லாவற்றையும் நிரலுக்குள் வைத்துவிடுவதில்லை. நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும் லைப்ரரியான டிஎல்எல்லிலுள்ள ஃபங்ஷன்களுக்கு அது பெயர்களை மட்டும் குறித்து வைக்கிறது. நிரலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்தக் கோப்பைத் தேடி இணைக்கிறது. மகளின் கணினியில் மிங்ஜிடபிள்யூ இருப்பதால் அக்கோப்பும் இருக்கிறது. அதை நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து அனுப்பலாம். அதன் பிறகு வேறொரு டிஎல்எல்லைக் கேட்டால் அதையும் சேர்க்க வேண்டியிருக்கும். அல்லது, லைப்ரரியை நிரலுக்குள்ளேயே வைக்கும்படி கட்டளையில் ‘-ஸ்டேட்டிக்’ என்று சேர்த்து மீண்டும் ஆக்கச் சொல்லுங்கள். நிரலின் அளவு பெருகும். லைப்ரரியில் பிற்பாடு திருத்தம் வந்தால், நிரலை மறுபடியும் ஆக்கினால்தான் அது வந்து சேரும். ஒற்றை அலுவலகத்தில் ஓடும் சிறு நிரலுக்கு இதுவே தொல்லையற்ற வழி.