ஓஏடி தேர்வுக்கு டிஏடி புத்தகம் போதுமா?

மூன்று மாதம்தான் இருக்கிறது, நண்பர் தந்த பழைய டிஏடி (பல் மருத்துவ நுழைவுத் தேர்வு) புத்தகங்களை வைத்தே ஓஏடி (கண்பார்வைப் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரிக்கு அமெரிக்காவில் எழுதும் நுழைவுத் தேர்வு) எழுதிவிடலாமா, எம்கேட் (அங்குள்ள மருத்துவ நுழைவுத் தேர்வு) தொகுப்பும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஏடி புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டிலும் அறிவியல் பகுதி ஒரே அமைப்புதான்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30 என 90 நிமிடத்தில் 100 கேள்விகள். உருவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், ஓஏடியில் அது கிடையாது. பதிலுக்கு இயற்பியல் வரும். 50 நிமிடம், 40 கேள்விகள். உங்கள் கையில் இல்லாதது அதுதான், காசை அங்கே போடுங்கள். பாடத்துக்குக் கல்லூரி முதலாண்டு இயற்பியல் புத்தகமே போதும். பயிற்சிக்கு ஓஏடி கேள்வித் தொகுப்பு ஒன்று வாங்கினால் சரி.

எம்கேட் வேண்டாம். அதில் பெரும்பாலும் நீண்ட பத்தியைப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். இங்கே அறிவியலில் தனித்தனிக் கேள்விகள், ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது.

அப்புறம், முழு மாதிரித் தேர்வு ஒன்றையாவது கடைசி வாரம்வரை தொடாமல் வையுங்கள். நான் எல்லாவற்றையும் முதல் மாதமே தீர்த்துவிட்டு, பிறகு என் வேகத்தைச் சோதிக்க எதுவுமில்லாமல் முழித்தேன்.